பயணக் கட்டுரையில் விடுபட்ட தோட்டம்

சில மாதங்களுக்கு முன் பழைய கோப்புகளைத் துழாவிக்கொண்டிருந்தபோது, 2013இல் நான் எழுதிய ஒரு பயணக் கட்டுரை கையில் கிடைத்தது. சபா மாநிலத்தின் சண்டாக்கானுக்குக் குடும்பத்தோடு போய்வந்த ஐந்து நாள் விடுமுறையைப் பற்றியது. செப்பிலோக்கில் ஒராங் ஊத்தான், கினாபாத்தாங்கான் ஆற்றில் படகு, செலிங்கான் தீவில் ஆமை, கடைசியில் கடற்கரை. ஒரு சிற்றிதழில் வந்தது. நாலைந்து பேர் பாராட்டினார்கள். ‘நானே போய்ட்டு வந்த மாதிரி இருந்துச்சு’ என்றார் ஒருவர். அப்போது அது பெரிய பாராட்டாகத் தெரிந்தது.

இப்போது வாசித்தபோது கூச்சமாக இருந்தது. மொழி மோசமில்லை. தகவல்களும் ஏறக்குறைய சரிதான். ஆனால் அந்தப் பயணத்தில் என் கண்முன் நடந்த முக்கியமான ஒன்று அதில் இல்லை. மறந்துபோய் விட்டதல்ல. எழுதும்போது ‘இது எதுக்கு’ என்று நானே தள்ளி வைத்தது. நம்மிடையே வரும் பயணக் கட்டுரைகளில் பெரும்பாலானவை அதையேதான் தள்ளி வைக்கின்றன என்று இன்று தோன்றுகிறது. பிறர் கட்டுரையை எடுத்துக் குறை சொல்வதைவிட என்னுடையதை எடுத்துக்கொள்வது நியாயம் என்பதால் அதையே இங்கே விமர்சனத்துக்கு வைக்கிறேன்.

கூடவே இன்னொரு நூலையும் எடுத்துக்கொள்கிறேன். ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1869இல் வெளியிட்ட ‘மலாய்த் தீவுக்கூட்டம்’. ஒப்பீடு அளவுக்கு மீறியது என்று தெரியும். இருந்தாலும் போர்னியோவின் காட்டையும் விலங்கையும் பற்றி எழுதும் யாருக்கும் அவர்தான் மூத்தவர். 1854இல் சிங்கப்பூர் வந்து இறங்கி, எட்டு ஆண்டுகள் இந்தத் தீவுகளில் அலைந்து, 1,25,000க்கும் மேற்பட்ட உயிரின மாதிரிகளைச் சேகரித்துக்கொண்டு போனவர். அந்த நூலை நான் வாசித்தது சண்டாக்கான் போய்வந்து பல வருடங்களுக்குப் பிறகு. அதன்பிறகுதான் என் கட்டுரையின் ஓட்டை எங்கே என்று புரிந்தது.

*

முதலில் செப்பிலோக். 1964இல் தொடங்கப்பட்ட ஒராங் ஊத்தான் மறுவாழ்வு மையம் அது. காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் மரமேடையில் பழங்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். நாம் கீழே கட்டை நடைபாதையில் கேமராவோடு காத்திருக்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டி வந்தது. ‘மனிதக் குழந்தையைப் போலவே கண்களைச் சிமிட்டி எங்களைப் பார்த்தது’ என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பத்தியில் அதற்கு மேல் எதுவுமில்லை. அது ஏன் அங்கே இருக்கிறது, அதன் தாய் எங்கே என்று நான் கேட்கவில்லை. காடு வெட்டப்பட்டபோதோ தோட்டத்துக்காக நிலம் திறக்கப்பட்டபோதோ தாயை இழந்தவை, வீடுகளில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டுப் பறிமுதல் செய்யப்பட்டவை. அங்கே கொண்டுவரப்படும் குட்டிகளின் கதை பெரும்பாலும் இப்படித்தான். அதாவது நான் பார்த்தது ஓர் அநாதை இல்லம். எழுதியது ஒரு வேடிக்கை.

வாலஸிடமும் ஓர் அநாதைக் குட்டி இருந்தது. சரவாக்கில் சிமுஞ்சான் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் தங்கியிருந்தபோது ஒரு பெண் ஒராங் ஊத்தானைச் சுட்டார். அது விழுந்த இடத்தில், சேற்றில் முகம் புதைந்து குட்டி கிடந்தது. அதை எடுத்துவந்து வளர்த்தார். பால் கிடைக்கவில்லை. கஞ்சித் தண்ணீரைப் புட்டியில் கொடுத்தார். தாயின் உடலைப் பற்றிக்கொண்டு பழகிய குட்டியாயிற்றே என்று எருமைத் தோலைச் சுருட்டி ஒரு பொய்த்தாய் செய்து கொடுத்தார். குட்டி அதில் பால் தேடி, வாயெல்லாம் மயிரை அப்பிக்கொண்டதால் அதையும் பிரித்துப் போட வேண்டியதாயிற்று. சுமார் மூன்று மாதம் உயிரோடிருந்து செத்துப்போனது. பிறகு தோலையும் எலும்பையும் பதப்படுத்தும்போதுதான், மரத்திலிருந்து விழுந்த அன்றே அதன் ஒரு கையும் ஒரு காலும் முறிந்திருந்ததைக் கண்டுபிடிக்கிறார். அதையும் எழுதிவைக்கிறார்.

இந்தப் பக்கங்களை வாசிப்பது சுலபமில்லை. பத்துக்கும் மேற்பட்ட ஒராங் ஊத்தான்களைக் கொன்ற ஒருவர், தான் கொன்ற தாயின் பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிறார். இன்றைய அறத்தை வைத்து அவரைத் திட்டிவிட்டுப் போகலாம். ஆனால் எழுத்தாக எடுத்துக்கொண்டால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாலஸ் துப்பாக்கியை மறைக்கவில்லை. குட்டி தன் கைக்கு எப்படி வந்தது என்ற இடத்திலிருந்துதான் தொடங்குகிறார். என் கட்டுரையில் எவர் கையிலும் துப்பாக்கி இல்லை. குட்டி தானாகவே அநாதையாகி, தானாகவே மேடைக்கு வந்து பழம் தின்கிறது.

*

அடுத்தது ஆறு. கினாபாத்தாங்கான் சபாவின் மிக நீளமான ஆறு, 560 கிலோமீட்டர். சுக்காவ் கிராமத்தில் தங்கி, விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் படகில் போவோம். இரண்டு நாளில் நீள்மூக்குக் குரங்குகளைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தோம். இருவாட்சிப் பறவைகள், முதலை, நீர் உடும்பு, கரையில் புல் மேய்ந்துகொண்டிருந்த போர்னியோ யானைகள். ‘இத்தனை விலங்குகளை இவ்வளவு அருகில் பார்க்க முடியுமென்றால் இந்தக் காடு எவ்வளவு வளமானதாக இருக்க வேண்டும்!’ என்று ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கிறேன்.

அதே ஆச்சரியத்தைப் படகோட்டியிடமும் சொல்லியிருந்தேன். அவர் அந்த ஆற்றங்கரைக்காரர், ஓராங் சுங்கை இனத்தவர். சிரித்துக்கொண்டே ‘நாக் பெர்கி மானா லாகி?’ என்றார். வேற எங்க போகும்?

அந்தப் பதிலை நான் ஒரு நகைச்சுவையாக எடுத்துக்கொண்டேன். கட்டுரையில் சேர்க்கவில்லை. அவர் சொன்னது உண்மையில் ஒரு விளக்கம். ஆற்றின் இரு கரையிலும் நாம் பார்க்கும் காடு பல இடங்களில் ஒரு பட்டைதான். அதற்குப் பின்னால் செம்பனை. 2005இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சுமார் 26,000 ஹெக்டர்கூட ஒரே காடு அல்ல, பத்துத் துண்டுகள். யானை ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் தோட்டத்தையோ கிராமத்தையோ கடக்க வேண்டும். தோட்டங்கள் மின்வேலி போடுகின்றன. மிச்சமிருக்கும் வழி ஆற்றங்கரை. நீள்மூக்குக் குரங்குகள் இயல்பாகவே ஆற்றோரம் உறங்குபவைதான். ஆனால் இத்தனை விதமான உயிர்கள் ஒரு படகுச் சவாரியில் கண்ணில் படுவதற்குக் காரணம் காடு பெரிதாக இருப்பதல்ல, சிறிதாகிப் போனது. நான் வளம் என்று எழுதியது நெரிசல்.

இங்கேயும் வாலஸ் எனக்கு முன்பே கேள்வியைக் கேட்டு வைத்திருக்கிறார். போர்னியோவில் அவர் சேகரித்த வண்டு வகைகள் ஏறக்குறைய 2,000. அதில் நூறு போக மீதி அத்தனையும் சிமுஞ்சானில் ஒரு சதுர மைல் பரப்புக்குள் கிடைத்தவை. ஒரே நாளில் 76 வகை, அவற்றில் 34 அவருக்குப் புதியவை. எந்த இயற்கை ரசிகரும் துள்ளிக் குதித்து, ‘கன்னிக்காட்டின் அதிசயம்’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். வாலஸ் ஏன் என்று யோசிக்கிறார். சுரங்கத்துக்காகச் சீனத் தொழிலாளர்களும் டாயாக் மக்களும் மரங்களை வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். வெட்டவெளியில் வெயில் விழுகிறது. அழுகும் மரத்தைத் தேடி வண்டுகள் வந்து குவிகின்றன. போதாததற்கு அந்தத் தொழிலாளர்களுக்கே பூச்சிக்கு ஒரு காசு கொடுத்துப் பிடித்துவரச் சொல்கிறார். அதாவது அவருடைய புகழ்பெற்ற சேகரிப்பு காட்டின் கொடை மட்டுமல்ல, ஒரு வேலைத்தளத்தின் விளைவும்கூட. அதை அவர் மறைக்காமல் கணக்கோடு எழுதியிருக்கிறார்.

என் கட்டுரைக்கும் அந்த நூலுக்கும் உள்ள வித்தியாசம் அறிவியல் அறிவில் இல்லை. ‘ஏன் இங்கே இவ்வளவு?’ என்ற ஒரு கேள்வியில் இருக்கிறது. பயணக் கட்டுரையை விளம்பரத் துண்டறிக்கையிலிருந்து பிரிப்பதும் அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். துண்டறிக்கை ஆச்சரியத்தோடு நின்றுவிட வேண்டும், அதன் வேலை அது. கட்டுரை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

*

செலிங்கான் தீவில் நான் செய்திருப்பது இன்னும் மோசம். சண்டாக்கானிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், படகில் ஒரு மணி நேரம். 1977இல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மூன்று தீவுகளில் ஒன்று. பகலெல்லாம் வெள்ளை மணலில் குளிக்கலாம். இருட்டிய பிறகு கடற்கரைக்கு யாரும் போகக்கூடாது. ஆமை கரையேறியதும் வனக்காவலர் குரல் கொடுப்பார், அப்போதுதான் போகலாம். முட்டையிட்ட பச்சை ஆமையின் கண்ணில் நீர் வழிந்ததைப் பார்த்து, ‘தாய்மையின் கண்ணீர்’ என்று ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறேன். அம்மா, பாட்டி, சங்ககாலத் தாய் எல்லாரும் அதில் வருகிறார்கள். ஆமையின் கண்ணீர் உடம்பிலுள்ள அதிகப்படி உப்பை வெளியேற்றும் சுரப்பு. கடலுக்குள்ளும் அது அப்படித்தான் ‘அழுது’கொண்டிருக்கும்.

இது வெறும் தகவல் பிழையல்ல. நம் பயணக் கட்டுரைகளில் ஒரு பழக்கம் உண்டு. எதிரில் இருப்பது என்னவென்று தெரியாதபோது ஓர் உணர்ச்சியை எடுத்து அதன்மேல் போர்த்திவிடுவது. போர்த்தியபின் பக்கத்தில் நிற்பதும் தெரியாமல் போகும். அன்றிரவு அந்த ஆமைக்குப் பின்னால் ஒரு மனிதர் மண்டியிட்டு, விழும் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு பொரிப்பிடத்துக்குக் கொண்டுபோய், குழி தோண்டிப் புதைத்து, வலை கட்டி, எண்ணிக்கையும் தேதியும் எழுதிய குறியை நட்டார். குஞ்சு வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதம். மணலின் சூட்டைப் பொறுத்து ஆணா பெண்ணா என்பது மாறும் என்பதால் நிழலும் கணக்கு. நாங்கள் படம் எடுத்துவிட்டுத் தூங்கப் போனோம். அவர் அடுத்த ஆமைக்குப் போனார். என் கட்டுரையில் அந்த மனிதருக்கு ஒரு வரிகூட இல்லை. கண்ணீர் விடாததால் இருக்கலாம்.

*

இனி நான் தள்ளி வைத்த விஷயம்.

சண்டாக்கானிலிருந்து சுக்காவுக்கு வேனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். வழியில் பெரும்பகுதி இருபக்கமும் செம்பனைதான். என் கட்டுரையில் இந்த இரண்டு மணி நேரம் ஒரே வாக்கியம்: ‘சலிப்பூட்டும் நீண்ட பயணத்துக்குப் பின் சுக்காவை அடைந்தோம்.’

சலித்தது எனக்குத்தான். சன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு இல்லை. அம்மா கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். முதலில் கித்தா வெட்டினார், தோட்டம் செம்பனைக்கு மாறியதும் உதிரிப்பழம் பொறுக்கினார். சண்டாக்கானில் இறங்கியதிலிருந்து அமைதியாக வந்தவர், அந்த வேனில்தான் வாய் திறந்து பேசினார்.

‘இது எந்தத் தோட்டம்யா? நெரை சுத்தமா இருக்கு.’

கொஞ்ச தூரம் போனதும், ‘குலை பழுத்து உதிருது பாரு. வெட்ட ஆள் பத்தல போல.’

ஓரிடத்தில் ஒரு பெண் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையோரம் நடந்தாள். பின்னால் ஏழெட்டு வயதில் ஒரு பையன், அவன் தலையிலும் ஒரு சின்னச் சாக்கு. அது பள்ளிக்கூட நாள். அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் ஓட்டுநரிடம் கேட்டார், இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாதா என்று. அவர் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார்: ஐசி இல்லை அக்கா, எப்படிப் போகும்?

சபா தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகள் பலரிடம் எந்த நாட்டு ஆவணமும் இல்லை. அரசுப் பள்ளியின் கதவு அவர்களுக்குத் திறப்பதில்லை. இது ரகசியமல்ல, சபாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அம்மா அதற்குப்பின் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, ‘பெரியம்மா சாவுற வரைக்கும் செவப்பு ஐசிதான் வச்சிருந்துச்சு’ என்றார். எனக்கா சொன்னார், தனக்கா என்று தெரியவில்லை.

விமான நிலையத்தில் ஒரே நாட்டுக்காரர்களான நாங்கள் குடிநுழைவு முகப்பில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே வந்ததை வேடிக்கையாக அரைப்பக்கம் எழுதியிருக்கிறேன். அட்டையே இல்லாத பையனைப் பற்றி எழுதவில்லை. காரணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ‘சுற்றுலாக் கட்டுரையில தோட்டத்துக் கதை எதுக்கு, அதான் நம்ம ஆளுங்க அம்பது வருசமா எழுதியாச்சே’ என்று நினைத்தேன்.

அந்த நினைப்பில்தான் எல்லாப் பிரச்சனையும் இருக்கிறது. மலேசியத் தமிழ் இலக்கியம் தோட்டத்தில் பிறந்தது என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். பெரட்டு, கங்காணி, லயம், ஆயாக்கொட்டகை என்ற சொற்களை வைத்துக்கொண்டு சிறுகதைகளும் நாவல்களும் எழுதியிருக்கிறோம். அந்தத் துயரம் நம்முடையதாக இருந்தவரை அது இலக்கியம். இன்று அதே நிரையில் வேறொருவர் நிற்கும்போது அது ‘சலிப்பூட்டும் நீண்ட பயணம்’. அப்படியானால் இத்தனை ஆண்டுகள் நாம் எழுதியது தோட்டத்தைப் பற்றித்தானா, நம்மைப் பற்றி மட்டும்தானா?

இன்னொன்றும் உண்டு. நம் பேச்சில் தோட்டத்துக்கே ‘காடு’ என்றுதான் பெயர். கித்தாக்காடு, பால்மரக்காடு. அகிலன் மலேசியத் தோட்டத்தை வைத்து எழுதிய நாவலுக்கும் ‘பால்மரக் காட்டினிலே’ என்றே பெயர் வைத்தார். காட்டை அழித்து நட்டதைக் காடு என்று அழைத்த சமூகம் நாம். நம் தாத்தாக்களின் கதைகளில் புலியும் யானையும் வரும். பார்த்து மகிழ அல்ல, பெரட்டுக்குப் போகும் இருட்டில் பயப்பட. இந்த நாட்டில் செம்பனையை வணிகரீதியாக முதலில் நட்டது 1917இல், அதே கோலசிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே, பின்னர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரெஞ்சு இலக்கியத்தின் கோங்கூர் பரிசு வாங்கியவர். அவர் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் தமிழர்கள் உண்டு. அங்கிருந்து பரவிய பயிர்தான் கினாபாத்தாங்கான் கரைவரை போய் நிற்கிறது. யானைக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் அந்த வரலாற்றை வாசிக்கத் தெரிந்த கண் நம் குடும்பங்களில் இருக்கிறது. என் வேனிலேயே சன்னலோரம் இருந்தது.

*

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது கேட்டார்: ‘வருசம் முழுக்க உழைச்சு, காசு சேத்து, நாலு நாள் புள்ளைங்களோட போறோம். அங்கயும் போயி குற்றவுணர்ச்சியத் தேடணுமா?’

தேட வேண்டாம். விடுமுறையை விடுமுறையாகவே கழிக்கலாம். நாம் கட்டும் நுழைவுக் கட்டணமும் படகுக் கூலியும் அந்த ஊருக்குத் தேவை. யாரும் போகாவிட்டால் அந்தப் பட்டைக் காட்டைக் காப்பாற்றச் சொல்லி வாதாடும் குரல்களில் ஒன்று குறையும். செம்பனையை வில்லனாக்கவும் எனக்கு வாய் வராது. அம்மாவின் சேமநிதியில் அந்தப் பழம் இருக்கிறது, என் பள்ளிக் கட்டணத்தில் இருந்தது. நான் பேசுவது பயணத்தைப் பற்றியல்ல, எழுத்தைப் பற்றி. போய்வந்து படங்களைக் குடும்பப் புலனத்தில் போடுகிறவர்மீது எந்தப் புகாரும் இல்லை. கட்டுரை என்று பெயர் வைத்து அச்சுக்கு அனுப்புகிறவருக்கு ஒரு கடமை உண்டு. விலங்கைப் பார்த்த இடத்துக்கும் இறங்கிய விமான நிலையத்துக்கும் நடுவில் இருந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக, என் கட்டுரையின் முடிவு. ‘இயற்கை அன்னையைக் காப்போம், வருங்காலத் தலைமுறைக்கு விட்டுச்செல்வோம்’ என்று முடித்திருக்கிறேன். எந்த வருங்காலத் தலைமுறை என்று சொல்லவில்லை. சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த அந்தப் பையன் அந்தத் தலைமுறையில் சேர்வானா என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. அவனுக்கு இப்போது இருபது வயதாகியிருக்கும். அவனிடம் ஐசி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கட்டுரையைத் திருத்தி மறுபடி வெளியிடும் எண்ணமில்லை. அது அப்படியே இருக்கட்டும். அடுத்து யாராவது சண்டாக்கான் போய்வந்து எழுதினால், வேனில் போன அந்த இரண்டு மணி நேரத்திலிருந்து தொடங்கட்டும். ஒராங் ஊத்தான் வர பத்து மணி ஆகும். அதுவரை நேரம் இருக்கிறது.